பாறை வெடிப்பில் போகும் நஞ்சு: மின்தடை ஆய்வு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

ஒரு தோல் ஆலையின் கழிவு மண்ணுக்குள் இறங்கினால் அது எந்தப் பக்கம் போகும், எவ்வளவு தூரம் போகும், யார் வீட்டுக் கிணற்றை எப்போது தொடும்? ஆற்று வண்டல் படிந்த நிலத்தில் இதற்குத் தோராயமான விடையாவது உண்டு. நீர்மட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, மண் நீரை எவ்வளவு வேகமாக விடுகிறது என்றும் அளந்துவிட்டால், கழிவின் போக்கை ஓரளவு கணிக்கலாம். கருங்கல் பூமியில் இந்தக் கணக்கு நிற்பதில்லை. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 73 விழுக்காட்டுக்கு அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட், கிரானைட் போன்ற கடினப் பாறை. மேலே சிதைந்த மண்ணடுக்கு இருக்கும். அதற்குக் கீழே நீருக்கு உள்ள வழி வெடிப்புதான். அந்த வெடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தரையில் நிற்பவருக்குத் தெரியாது. ஆலைச் சுவரை ஒட்டிய கிணறு நன்றாக இருக்க, ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிணறு கெட்டுப்போகக் கூடும்.

தோண்டாமலே இந்த வழியைக் கண்டறிய முடியுமா என்ற கேள்விக்கு ஏறத்தாழ நூறாண்டாகவே விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. விடை சொன்னவர்கள் ஒருவரோடு ஒருவர் உடன்பட்டதில்லை. வேலூர், இராணிப்பேட்டை, திண்டுக்கல், திருப்பூர் என்று பாறை நிலத்தில் தொழில் வளர்ந்த ஊர்களுக்கு இந்தக் கருத்து வேறுபாடு ஆய்வகத்தோடு முடிகிற விஷயமில்லை. எந்த ஊர் மாசுபட்ட எல்லைக்குள் வருகிறது, எந்த ஊர் வெளியே நிற்கிறது என்று ஒரு வரைபடம் கோடு போடும்போது, குடிநீர் லாரியும் இழப்பீடும் அந்தக் கோட்டைப் பார்த்தே நகர்கின்றன. ஆகவே ஒவ்வொரு விடையும் எங்கே பிறந்தது, எதை நம்பி நிற்கிறது, எங்கே வழுக்குகிறது என்று பார்ப்பது அவசியம்.

மணற்கல்லில் பிறந்த விதி

1912இல் கான்ராட் ஷ்லம்பர்ஜே பிரான்சின் நார்மண்டியில் நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அளக்கும் சோதனைகளைத் தொடங்கினார். 1915இல் அமெரிக்கத் தர நிர்ணய அலுவலகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் வென்னர் நான்கு முளைகளைக் கொண்டு நிலத்தின் மின்தடைத்திறனை அளக்கும் முறையை வெளியிட்டார். வெளி முளைகள் இரண்டின் வழியே மின்சாரம் போகும்; உள் முளைகள் இரண்டுக்கும் நடுவே அழுத்த வேறுபாடு அளக்கப்படும். முளைகளை அகல வைக்க வைக்க, மின்சாரம் ஆழத்துக்கு இறங்கும். போர் போடுவதற்கு இடம் பார்க்க வருபவர்கள் இன்றைக்கும் இழுத்துப் போகும் கம்பி இந்த முறையின் வாரிசுதான்.

1942இல் எண்ணெய்த் துறைப் பொறியாளர் ஆர்ச்சி, நீர் ஊறிய பாறையின் மின்தடைக்கும் அந்த நீரின் மின்தடைக்கும் நேர் விகிதம் உண்டு என்று காட்டினார். விகிதத்தின் அளவை பாறையிலுள்ள துளைவெளி தீர்மானிக்கிறது. நீரில் உப்பு கூடினால் பாறையின் மின்தடை அதே மடங்கில் குறையும். இந்த விதியை நம்பியே முதல் நிலைப்பாடு உருவானது: மின்தடை சரிந்த இடம் மாசு பரவிய இடம். 1968இல் கார்ட்ரைட்டும் மெக்கோமாஸும் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் குப்பைக் கிடங்குகளைச் சுற்றி இப்படி அளந்து வெளியிட்டார்கள். 1975இல் ஸ்டோலரும் ரூவும் நிலத்தடி நீர் மாசின் எல்லையை வரைய இது உகந்த முறை என்று எழுதினார்கள். அதன்பின் உலகெங்கும் இது வழக்கமானது.

இந்த நிலைப்பாட்டின் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. செலவு குறைவு, ஒரே நாளில் பல நூறு மீட்டர் பார்த்துவிடலாம், நில உரிமையாளரின் கிணற்றைத் திறக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் தொழிலில் பச்சைத் தோலைக் கெடாமல் காக்க உப்பு போடுகிறார்கள். அதை ஊறவைத்துக் கழுவிய நீரில் அந்த உப்பெல்லாம் வந்துவிடும். அப்படிப்பட்ட கழிவு மேல் மண்ணில் பரவியிருந்தால் மின்தடை அதைத் தவறவிடாது. திண்டுக்கல் அருகே மேல் குடகனாற்றுப் படுகையில் தோல் ஆலைகளைச் சுற்றி ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் செய்த ஆய்வுகள் இந்த வழியில் பயன் தந்தவை.

பலவீனம் விதியின் பிறப்பிடத்திலேயே இருக்கிறது. ஆர்ச்சி பார்த்தது களிமண் இல்லாத மணற்கல்லை. இல்லினாயில் அளந்தது பனிப்பாறைகள் விட்டுப்போன படிவுகளை. நம் பாறைமேல் இருப்பது வேறு. நைஸிலும் கிரானைட்டிலும் உள்ள ஃபெல்ஸ்பார் காலப்போக்கில் சிதைந்து களிமண்ணாகிறது. களிமண் துகளின் மேற்பரப்பே மின்சாரத்தைக் கடத்தும்; அதற்கு உப்பு நீர் தேவையில்லை. களி கலந்த மணற்கல்லுக்கு ஆர்ச்சியின் விதியைத் திருத்தி வாக்ஸ்மனும் ஸ்மிட்ஸும் 1968இலேயே எழுதிவிட்டார்கள். சிதைந்த அடுக்கில் 10 அல்லது 15 ஓம்-மீட்டர் என்று காட்டினால், அது நல்ல நீரோடு கூடிய களிமண்ணாகவும் இருக்கலாம், உப்பு நீர் ஊறிய சரளையாகவும் இருக்கலாம். எண் ஒன்றுதான், பொருள் இரண்டு.

இதைப் பிரித்தறிய, செலுத்திய மின்சாரத்தை நிறுத்திய பிறகும் நிலம் சிறிது நேரம் மின்னூட்டத்தைப் பிடித்துவைத்திருக்கும் குணத்தை அளக்கும் முறை ஒன்று உண்டு. தூண்டு முனைவாக்கம் என்பார்கள். களிமண் அதிகம் பிடிக்கும், உப்பு நீர் பிடிக்காது என்பது அடிப்படை. கொள்கை அளவில் சரியான வழி. ஆனால் ஆலைப் பகுதிகளில் மின்கம்பி, இரும்புக் குழாய், நிலத்தில் கசியும் மின்னோட்டம் இவற்றுக்கு நடுவே அந்தச் சிறிய சைகையை நம்பும்படி பிடிப்பது கடினம்.

உப்பு தெரியும், நஞ்சு தெரியாது

களிமண் குழப்பத்தை எப்படியாவது தீர்த்துவிட்டாலும் இதைவிடப் பெரிய சிக்கல் காத்திருக்கிறது. மின்தடை ஆய்வு அளப்பது நீரில் கரைந்த மொத்த உப்பை. நம் கவலையோ பெரும்பாலும் அதில் ஒரு சிறு பங்கைப் பற்றியது.

இராணிப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. அதில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் எளிதில் கரையும். புற்றுநோய் விளைவிக்கக் கூடியது. குடிநீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு.

ஒரு கிணற்று நீரில் அந்த அளவைப்போல் 200 மடங்கு, அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம் குரோமியம் குரோமேட்டாகக் கரைந்திருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். அதனோடு சேரும் சோடியத்தையும் கூட்டினால் நீரின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்குச் சுமார் 50 மைக்ரோசீமன்ஸ் கூடும். பாறைப் பகுதிக் கிணற்று நீரின் கடத்துதிறன் சாதாரணமாகவே 1,000 அளவில் இருக்கும். மாற்றம் ஐந்து விழுக்காட்டை ஒட்டித்தான். ஒரு நல்ல மழைக்கு முன்னும் பின்னும் இதைவிடப் பெரிய ஏற்றத்தாழ்வு வருகிறது. வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே இரண்டு விழுக்காடு மாறும். குடித்தால் கேடு செய்யும் நீர், மின்தடை வரைபடத்தில் நல்ல நீராகவே தெரியும்.

கழிவுக் குவியலிலிருந்து சல்பேட் போன்ற வேறு உப்புகளும் கூடவே கசிவதால், குவியலை ஒட்டிய இடங்களில் சைகை கிடைக்கத்தான் செய்கிறது. தூரம் போகப் போக நிலைமை மாறுகிறது. உப்பும் குரோமியமும் ஒரே வேகத்தில் பயணம் செய்வதில்லை. குளோரைடு எதிலும் ஒட்டாமல் நீரோடு ஓடும். குரோமேட் வழியில் இரும்புத் தாதுக்களோடும் கரிமப் பொருளோடும் வினைபுரிந்து மூன்று இணைதிறன் வடிவுக்கு மாறிப் படியக் கூடும். சில இடங்களில் மாறாமல் போகவும் கூடும். எனவே உப்பின் எல்லையை நஞ்சின் எல்லையாக எடுத்துக்கொண்டால், ஓரிடத்தில் தேவையற்ற அச்சத்தையும் இன்னோரிடத்தில் ஆபத்தான நிம்மதியையும் தருவோம். இரண்டாவதுதான் மிகக் கெட்டது.

கரைப்பான் வகை மாசுகளில் இந்த இடைவெளி முழுமையானது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் வெஸ்ட் ட்ரென்டன் என்ற இடத்தில் கடற்படையின் பழைய வானூர்திப் பரிசோதனை மையத்துக்கு அடியில் வெடிப்புற்ற சேற்றுப்பாறையில் ட்ரைகுளோரோஎத்திலீன் இறங்கியிருக்கிறது. அந்த நாட்டின் புவியியல் ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகள் அங்கே உழைத்திருக்கிறது. கரைந்த நிலையில் அந்த வேதிப்பொருள் நீரின் மின்கடத்துதிறனை மாற்றுவதே இல்லை. அங்கே மின் ஆய்வுகள் பாறையின் அமைப்பையும், சுத்திகரிப்புக்காகச் செலுத்தும் கரைசலின் பரவலையும் பார்க்கவே பயன்பட்டன.

வழியைத் தேடுவோர்

இரண்டாவது நிலைப்பாட்டினர் கேள்வியையே மாற்றுகிறார்கள். நஞ்சைத் தேட வேண்டாம், அது போகக்கூடிய வழியைத் தேடுவோம் என்பது அவர்கள் வாதம். இதன் வேர் வான்வழிப் படங்களில் இருக்கிறது. 1964இல் லாட்மனும் பாரிசெக்கும் பென்சில்வேனியாவின் சுண்ணாம்புப் பாறை நிலத்தில், படத்தில் தெரியும் நேர்கோடுகளின்மேல் அமைந்த கிணறுகள் அதிக நீர் தருவதாகக் காட்டினார்கள். பிறகு செயற்கைக்கோள் படங்கள் வந்தன. கோடு வரைவது எளிதாயிற்று, வரைந்த கோடுகளும் பெருகின. எல்லாக் கோடும் நீரைக் கடத்துவதில்லை. டாலரைட் டைக் என்னும் செங்குத்துப் பாறைச் சுவர் ஓரிடத்தில் நீரை மறிக்கும். அதன் விளிம்பு நொறுங்கியிருந்தால் அதே சுவரின் ஓரமாக நீர் ஓடும். படம் இரண்டையும் ஒரே கோடாகக் காட்டும்.

தரையில் முளைகளின் வரிசையைப் பல திசைகளில் சுழற்றி அளந்து வெடிப்புகளின் திசையைக் கண்டறியும் முறையை 1988இல் டெய்லரும் ஃபிளெமிங்கும் விரித்துரைத்தார்கள். இதில் புதிதாக வருபவரைக் கவிழ்க்கும் ஒரு பொறி உண்டு. வெடிப்பின் திசையில் பாறை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். எனவே அந்தத் திசையில் மின்தடை குறைவாகக் காட்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நேர்கோட்டில் முளை அடித்து அளந்தால் கிடைப்பது நேரெதிர். வெடிப்பின் திசையில்தான் தோற்ற மின்தடை உச்சம் தொடும். இதை அறியாமல் எழுதிய அறிக்கை, மாசு போகும் திசையைத் தொண்ணூறு பாகை திருப்பிவைத்துவிடும்.

இந்த நிலைப்பாட்டுக்கு உண்மையான வலு சேர்த்தது இந்தியாவில் நடந்த வேலை. தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும் பிரான்சின் புவியியல் நிறுவனமும் சேர்ந்து ஐதராபாத் அருகே மகேஸ்வரம் நீர்ப்பிடிப்பில் பல ஆண்டுகள் ஆய்வு நடத்தின. டெவாண்டெல் குழுவினர் 2006இல் வெளியிட்ட கட்டுரை, வெடிப்புகள் கண்டபடி சிதறிக் கிடப்பவை என்ற எண்ணத்தை அசைத்தது. சிதைந்த மண்ணடுக்குக்குக் கீழே, சில பத்து மீட்டர் தடிமனுக்கு, கிடைமட்ட வெடிப்புகள் நெருங்கிய ஓர் அடுக்கு உண்டு. அதுவும் பாறை சிதைவதன் விளைவே. ஆழம் போகப் போக அது அடர்த்தி குறைகிறது என்பது அவர்கள் கண்டது. தனித்தனி வெடிப்பைத் தேடி அலுத்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஓர் அடுக்கை மின் ஆய்வால் வரைய முடியும். 2012இல் தொடங்கிய தேசிய நீர்கொள் படுகை வரைபடத் திட்டத்தை ஒட்டி, ஹெலிகாப்டரில் கட்டித் தொங்கவிட்ட மின்காந்த வளையத்தால் ஆறு இடங்களில் முன்னோட்டமாக அளந்தபோது, கர்நாடகத்தின் தும்கூர் பகுதியில் இருந்த கடினப் பாறை நிலமும் அதில் ஒன்றாக இருந்தது.

ஆனாலும் அடுக்கைத் தெரிந்துகொள்வதும், ஆலையிலிருந்து கிணற்றுக்குப் போகும் வழியைத் தெரிந்துகொள்வதும் ஒன்றாகிவிடாது. அடுக்கு முழுவதும் நீர் சமமாக ஓடுவதில்லை. அதற்குள் ஒரு சில வெடிப்புகளே பெரும்பங்கு நீரைச் சுமக்கின்றன. இங்கேதான் எல்லா மின் முறைகளும் ஒரே சுவரில் முட்டுகின்றன.

மும்மடியின் சுவர்

வெடிப்பின் வழியே ஓடும் நீரின் அளவு அதன் வாயகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 1960களின் இறுதியில் ஸ்னோ இதை வெடிப்புப் பாறைக்குப் பொருத்திக் காட்டினார். 1980இல் விதர்ஸ்பூன் குழுவினர் ஆய்வகத்தில் உறுதிசெய்தார்கள். அகலம் இரட்டித்தால் ஓட்டம் எட்டு மடங்காகும். மின்சாரத்துக்கு இந்த விதி கிடையாது. அது அகலத்தின் நேர் விகிதத்தில் மட்டும் ஓடும்.

ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள வெடிப்பு ஒன்று ஓரிடத்தில் இருக்கட்டும். இன்னோரிடத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் பத்து வெடிப்புகள் இருக்கட்டும். மின்சாரத்துக்கு இரண்டும் சமம். கருவி ஒரே எண்ணைத்தான் காட்டும். நீருக்கோ முதல் இடம் இரண்டாவதைப்போல் நூறு மடங்கு தாராளம். மாசு எங்கே விரையும், எங்கே ஊர்ந்து போகும் என்பதைத் தீர்மானிக்கும் அந்த நூறு மடங்கு வேறுபாடு, எவ்வளவு துல்லியமான கருவியாலும் மின்தடையில் வெளிப்படாது. இது கருவியின் குறையே இல்லை. இயற்பியல் அப்படி அமைந்திருக்கிறது. புதிய கணினி நிரலும் கூடுதல் முளைகளும் இதைத் தாண்டிவிடும் என்று சொல்பவர்கள் எதைத் தாண்டுகிறோம் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆழம் இன்னொரு தடை. புதுப் பாறையின் மின்தடைத்திறன் 5,000 ஓம்-மீட்டர் என்று கொள்வோம். அதில் ஒரு மீட்டர் தடிமனான பகுதியில் ஒரு மில்லிமீட்டர் வெடிப்பு ஒன்று நல்ல நீரோடு இருந்தால், வெடிப்பின் போக்கில் அந்தப் பகுதியின் மின்தடை சுமார் 3,300 ஆகும். அந்த நீரின் உப்பு பத்து மடங்கு கூடினால் 830க்கு இறங்கும். நான்கில் ஒரு பங்காகக் குறைவது பெரிய மாற்றம்தான். பக்கத்திலேயே நின்று அளந்தால் தப்பாது. ஆனால் அது தரைக்கு 40 மீட்டர் கீழே, ஒரு மீட்டர் தடிமனில் கிடந்தால், ஐந்து மீட்டருக்கு ஒரு முளை அடித்து மேலிருந்து அளப்பவருக்கு அதன் சுவடே கிடைக்காது. மேலே கிடக்கும் களியடுக்கு மின்சாரத்தின் பெரும்பங்கை விழுங்கிவிடும். தரையிலிருந்து தெரிவதெல்லாம் பல மீட்டர் அகலத்துக்கு நொறுங்கிச் சிதைந்த பகுதிகளே.

அளவீட்டை வரைபடமாக்கும் கணக்கிலும் ஒரு தளர்ச்சி உண்டு. தடிமனான மிதமான அடுக்கும், மெல்லிய நன்கு கடத்தும் அடுக்கும் ஒரே அளவீட்டைத் தரும். ஒரே தரவுக்குப் பல நிலத்தோற்றங்கள் பொருந்தும். கணினி அவற்றில் வழவழப்பான ஒன்றைத் தேர்ந்து வண்ணம் தீட்டித் தருகிறது. கூர்மையான விளிம்புள்ள வெடிப்பை அது மேகம்போல் பரப்பிக் காட்டும். அறிக்கைகளில் அந்த ஒரு படம் மட்டும் அச்சாவதும், பொருந்திய மற்ற தோற்றங்கள் விடுபட்டுப்போவதும் இந்தத் துறையின் கெட்ட பழக்கம்.

மாற்றத்தை அளப்போர்

மூன்றாவது நிலைப்பாடு இளையது. ஒரு முறை அளந்தால் களியும் உப்பும் குழம்பும். அதே இடத்தில் மறுபடி மறுபடி அளந்து வேறுபாட்டை மட்டும் எடுத்தால், மாறாத களி கழிந்துபோகும், மாறும் நீர் மட்டும் மிஞ்சும் என்பது இதன் அடிப்படை. அமெரிக்காவின் நியூஹாம்ப்ஷயரில் மிரர் லேக் என்ற கிரானைட்–சிஸ்ட் பாறைப் பகுதியில் உப்புக் கரைசலை வெடிப்புக்குள் செலுத்தி, கிணறுகளுக்கு இடையே ரேடார் அலை அனுப்பி அதன் நகர்வைப் படமாக்கிய வேலையை டே-லூயிஸ் குழுவினர் 2003இல் வெளியிட்டார்கள். வெடிப்புக்குள் ஒரு கரைசல் நகர்வதை நேரத்தோடு சேர்த்துப் பார்த்த அரிய முயற்சி அது.

இந்த வழியே மிகுந்த நம்பிக்கை தருகிறது. அதற்கான விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிரர் லேக்கில் கிணறுகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தன. கரைசலின் அளவும் நேரமும் ஆய்வாளர் கையில் இருந்தன. ஆலைக் கழிவு யாரையும் கேட்டு இறங்குவதில்லை. நம் ஊர்களில் ஆலை வருவதற்கு முன் நிலத்தை அளந்து வைத்தவர் இல்லை. ஒப்பிட அடிப்படை அளவே கிடையாது. ரேடார் அலை களிமண்ணிலும் உப்பு நீரிலும் சில மீட்டரிலேயே மடிந்துவிடுவதால், மாசு மிகுந்த இடத்தில்தான் அது முதலில் கண்ணை மூடும். பருவமழை, வெப்பம், பாசனம், நீர்மட்ட இறக்கம் எல்லாமே மின்தடையை மாற்றுகின்றன. மாசினால் வந்த மாற்றத்தை அவற்றிலிருந்து பிரிக்க, ஆண்டில் ஒன்றிரண்டு அளவீடு போதாது.

துளையையே நம்புவோர்

இவ்வளவு சந்தேகம் இருந்தால் மேலிருந்து பார்ப்பதையே விட்டுவிடலாமே என்பது நான்காவது நிலைப்பாடு. துளையிடு, வெடிப்பை நேரில் பார், ஒவ்வொன்றையும் அடைப்பான் வைத்துத் தனியாக்கி நீரெடு, சாயமோ உப்போ விட்டு எங்கே வெளிவருகிறது என்று பார் என்கிறார்கள் நிலத்தடி நீரியலாளர் பலர். நஞ்சைப் பற்றிய இறுதிச் சொல் நீர் மாதிரியிடமே இருக்கிறது என்பதில் அவர்களோடு சண்டையில்லை.

ஆனால் துளையும் அப்பாவி இல்லை. நம் ஆழ்துளைக் கிணறுகளில் சிதைந்த மண்ணடுக்கு வரை மட்டும் குழாய் இறக்கி, கீழே பாறையைத் திறந்தபடி விட்டுவிடுவது வழக்கம். 800 அடி, 1,000 அடி வரை திறந்து கிடக்கும் அந்தத் துளை, ஒன்றையொன்று தொடாதிருந்த வெடிப்புகளைச் சேர்த்துவைக்கிறது. மேல் வெடிப்பிலிருந்த கழிவு, மோட்டார் ஓடாத நேரத்திலும் கீழ் வெடிப்புக்கு இறங்கலாம். மாசைத் தேடிப் போட்ட துளையே மாசைப் பரப்பக் கூடும்.

மாதிரி எடுப்பதிலும் ஏமாற்றம் உண்டு. ஒரு போரின் நீரில் இரண்டு விழுக்காட்டைத் தரும் சின்ன வெடிப்பில் குரோமியம் லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது வரம்பைப்போல் இருபது மடங்கு இருக்கட்டும். மற்ற வெடிப்புகள் சுத்தமாக இருந்தால் குழாயில் வரும் கலவையில் 0.02தான் இருக்கும். சோதனையில் தேறிவிடும். கோடையில் மேல் வெடிப்புகள் வறண்டு, அந்தச் சின்ன வெடிப்பின் பங்கு கூடும்போது அதே கிணறு வரம்பைத் தாண்டும். எந்த மாதத்தில் எடுத்த மாதிரி, எத்தனை மணி நேரம் இறைத்த பிறகு எடுத்தது என்று எழுதாத சோதனைச் சீட்டுக்குப் பாறை நிலத்தில் மதிப்பு குறைவு.

துளைக்குள்ளேயே இறக்கும் புவி இயற்பியல் கருவிகள் இங்கே பாலமாகின்றன. துளைச் சுவரைப் படமெடுக்கும் கருவி வெடிப்பின் சாய்வையும் திசையையும் காட்டும். மெதுவான ஓட்டத்தை வெப்பத் துடிப்பால் அளக்கும் கருவி எந்த வெடிப்பு உண்மையில் நீர் தருகிறது என்று சொல்லும். நீரின் கடத்துதிறனை ஆழவாரியாக அளந்தால் உப்பு எந்த மட்டத்தில் நுழைகிறது என்று தெரியும். மும்மடிச் சுவரைத் தாண்ட இப்போதைக்கு உள்ள நேர்மையான வழி, ஓட்டத்தை ஓட்டமாகவே அளக்கும் இந்த வகை அளவீடுகள்தாம். தரைமேல் ஆய்வுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கையாவது இவற்றுக்குத் திருப்பினால் நம் அறிக்கைகளின் தரம் மாறும்.

பாறைக்குள் ஊறியது

எல்லா நிலைப்பாடுகளும் சற்றே ஒதுக்கிவிடும் ஒரு சங்கதி பாறையின் உடல். 1975இல் ஃபாஸ்டர் இங்கிலாந்தின் சுண்ணக் கட்டிப் பாறையில் டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன் எதிர்பார்த்ததைவிட மெதுவாக இறங்குவதைப் பார்த்து, வெடிப்பில் ஓடும் நீரிலிருந்து கரைபொருள் பக்கத்துப் பாறைத் துளைகளுக்குள் ஊறிப்போவதே காரணம் என்று விளக்கினார். பாதை மாறிய பிறகும், ஆலை மூடிய பிறகும், ஊறியது மெல்லத் திரும்பிக் கசியும். நம் கருங்கல்லின் துளைவெளி ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால் ஆழத்தில் இது சிறிதாக இருக்கலாம். சிதைந்த அடுக்கிலும் வெடிப்புச் சுவர்களில் படிந்த களியிலும் சிறிதென்று சொல்ல முடியாது. கழிவு நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்தும் கிணறுகள் தெளியாமல் இருப்பதில் இதற்கு எவ்வளவு பங்கு, இன்னும் நடக்கும் கசிவுக்கு எவ்வளவு பங்கு என்பது ஒவ்வோர் இடத்திலும் தனியாக ஆராயப்பட வேண்டியது. மின்தடை இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

தீராதவை, தீர்ந்தவை

சில கேள்விகள் திறந்தே நிற்கின்றன. பல முறைகளின் அளவீடுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணிக்கும் முயற்சிகள் வளர்கின்றன. பாறை வெடிப்பின் கூர்மையை அவை எந்த அளவுக்கு மீட்கும் என்பது தெளிவாகவில்லை. வெஸ்ட் ட்ரென்டனில் துளைப் படங்களில் கண்ட வெடிப்புகளைக் கணக்கிலேயே முன்கூட்டிப் புகுத்தியபோது படம் மேம்பட்டது. ஆனால் அதற்கு வெடிப்பு எங்கிருக்கிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். மகேஸ்வரத்தில் கண்ட அடுக்கமைப்பு, பாலாற்றுப் படுகையின் நைஸிலும் மேற்கு மாவட்டங்களின் சார்னோகைட்டிலும் அப்படியே பொருந்துமா என்பதையும் இடத்துக்கு இடம் சோதிக்க வேண்டும். நீர்மட்டம் வெகுவாக இறங்கி மேல் வெடிப்புகள் காய்ந்துவிட்ட ஊர்களில் மாசின் பாதை எப்படி மாறியிருக்கிறது என்பதற்கு நீண்ட காலத் தொடர் அளவீடு மிகக் குறைவு.

தீர்ந்ததாகக் கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. பாறை நிலத்தில் புவி இயற்பியல் ஆய்வு ஐயத்தை எழுப்ப வல்லது. ஐயத்தைத் துடைக்க வல்லதில்லை. மின்தடை சரிந்த இடத்தில் அடுத்த துளையைப் போடச் சொல்லும் உரிமை அதற்கு உண்டு. மின்தடை சரியாத இடத்தைச் சுத்தம் என்று சொல்லும் உரிமை அதற்கு இல்லை. மெல்லிய வெடிப்பு, ஆழமான வெடிப்பு, உப்பில்லாத நஞ்சு ஆகிய மூன்றுமே அதன் கண்ணுக்குப் படாமல் போகக் கூடியவை.

இதைச் சட்டத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், தன் செயலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்று கூறியது. பாலாற்றுப் படுகையின் தோல் ஆலைகளைப் பற்றிய வழக்கு அது. கேடில்லை என்று மெய்ப்பிக்க ஒரு மின்தடை வரைபடத்தை நீட்டினால், மேலே கண்ட காரணங்களால் அது அந்தப் பொறுப்பை நிறைவேற்றியதாகாது. அதே வரைபடத்தைக் கேடு இருப்பதற்கான முதல் அறிகுறியாகக் குடியிருப்போர் நீட்டினால், அதைத் தள்ளிவிடவும் முடியாது. மேற்கொண்டு துளையிட்டுப் பார்க்கும் கடமை அதிலிருந்து பிறக்கிறது.

எனவே மாசு எல்லையை வரையும் எந்த அறிக்கையிலும் ஐந்து தகவல்கள் கட்டாயமாக இருக்க வேண்டும். முளைகள் அடித்த கோடுகளின் சரியான இடம், மூல அளவீடுகள், அதே அளவீட்டுக்குப் பொருந்திய மாற்றுத் தோற்றங்கள், ஆழவாரியாகப் பிரித்தெடுத்த நீர் மாதிரிகள், கோடைக்கும் மழைக்கும் தனித்தனி அளவீடு. இவை இல்லாத வரைபடத்தை வைத்து ஓர் ஊரின் கிணற்றைச் சுத்தமென்று அறிவிக்கக் கூடாது. உங்கள் ஊருக்கு அப்படியோர் அறிக்கை வந்தால், மாவட்ட நிர்வாகத்திடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் இவற்றை எழுத்தில் கேளுங்கள்.